ஏம்பலத்துப் பால் குழாயின் உள்பக்கம்

காலையில் பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் எங்கள் மேற்பார்வையாளர் லோயிக் கேட்கும் முதல் கேள்வி "சா காஸ்?" என்பதுதான். பிரான்சுக்கு வந்து வெல்டிங் வேலையில் சேர்ந்த புதிதில் அவர் இப்படிக் கேட்டதும் நான் ஓடிப்போய் ஆர்கான் சிலிண்டரின் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டுவேன். காஸ் என்று காதில் விழுந்ததல்லவா, சிலிண்டரில் காஸ் இருக்கிறதா, ஒழுங்காக வருகிறதா என்று விசாரிக்கிறார் என்று நினைத்தேன். பொறுப்பான மனிதர் என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தேன். அவரும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போவார். மாதக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றபோது கடைக்காரப் பெண் எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அவரிடம் சிலிண்டர் எதுவும் இல்லை. "எப்படி இருக்கீங்க" என்பதை இந்த ஊர்க்காரர்கள் செல்லமாகக் கேட்கும் விதம் அது என்று என் மகன் பிறகு விளக்கினான். அத்தனை மாதமும் ஒருவர் என்னிடம் நலம் விசாரித்திருக்கிறார். நான் அவருக்கு சிலிண்டரின் நலத்தைச் சொல்லியிருக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது ஏம்பலம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நெல்லிலும் கரும்பிலும் கூலிக்கு இறங்கியவர்கள். என் கணவர் குடும்பத்துக்கு அவருடைய தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கல்யாணத்துக்குச் சில வருடங்கள் கழித்துக் குடும்பத்தோடு இங்கே வந்தோம். பிரெத்தாஞ் என்று பிரான்சின் மேற்கு மூலையில் ஒரு பகுதி. மழை, மாடு, மறுபடியும் மழை. பாரிசில் இருக்கும் நம் ஆட்கள் "அங்கே எப்படி இருக்கிறாய்" என்று பரிதாபமாகக் கேட்பார்கள். மாடு இருக்கும் இடத்தில் பால் இருக்கும், பால் இருக்கும் இடத்தில் எஸ்.எஸ். பைப் இருக்கும், எஸ்.எஸ். பைப் இருக்கும் இடத்தில் எனக்கு வேலை இருக்கும் என்று நான் பதில் சொல்வேன். எங்கள் பட்டறையில் பால் பண்ணைகளுக்கும் பாலாடைக்கட்டி ஆலைகளுக்கும் குழாய் செய்கிறோம்.

இந்த வேலையில் இருக்கும் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இரும்பு உருகும் சூட்டில் காற்றுப் பட்டால் எரிந்து கெட்டுப்போகும். எஸ்.எஸ். என்கிற எவர்சில்வரும் அப்படித்தான். அதனால்தான் நாங்கள் பிடிக்கும் டார்ச்சின் வாயிலிருந்து ஆர்கான் காஸ் வந்துகொண்டே இருக்கிறது. உருகும் இடத்தை அது காற்றுப் படாமல் மூடிக்கொள்கிறது. வெளிப்பக்கத்துக்கு இது போதும். ஆனால் குழாய்க்கு உள்பக்கம் என்று ஒன்று இருக்கிறது. வெளியே நான் பிடிக்கும் சூடு உள்ளேயும் போகிறது, உள்ளே மூடுவதற்கு யாரும் இல்லை. மூடாமல் விட்டால் வெளியே மீன் செதில் மாதிரி அழகான தையல் விழுந்திருக்கும், உள்ளே அடிப்பிடித்த வெல்லப்பாகு மாதிரி கறுத்துப் பொங்கிச் சொரசொரத்துக் கிடக்கும். பாறை என்ற சொல்லை வைத்து இவர்கள் அதற்கு ரோஷாஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொரசொரப்பில் பால் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்த மருந்து ஊற்றிக் கழுவினாலும் அதன் இடுக்குக்குள் போகாது. அடுத்த வேளைப் பால் அந்தப் பழைய பாலைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இதைத் தடுக்க ஒரே வழி, குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, உள்ளே ஆர்கானை விட்டு, காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு அப்புறம் வெல்டிங் வைப்பது. பர்ஜிங் என்று நம் பட்டறைகளில் சொல்வார்கள். இதைக் கற்க நான் கடல் தாண்டி வரவில்லை. வில்லியனூரில் கற்றேன்.

வில்லியனூருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. மருந்து கம்பெனிகளுக்கு எஸ்.எஸ். குழாய் செய்து கொடுப்பார்கள், பாதிக்கு மேல் கப்பலேறி வெளிநாடு போகும். ஐ.டி.ஐயில் வெல்டர் படித்த பெண் என்று என்னை வேடிக்கை பார்க்கவே சேர்த்தார்கள் என்று நினைக்கிறேன். ஏழுமலை என்று ஒருவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். நானும் அவரும் ஜோடியாக வேலை செய்வோம். அவர் குழாயின் ஒரு முனையில் உட்கார்ந்து காஸைக் கவனிப்பார், நான் மறுமுனையில் டார்ச் பிடிப்பேன். மறுநாள் இடம் மாறிக்கொள்வோம். அட்டையை வட்டமாக வெட்டி, ஸ்பாஞ்சு வைத்து, டேப் சுற்றி அவர் குழாயை அடைக்கும் அழகு தனி. அவசரப்படுத்தினால், "கொஞ்சம் இரு, உள்ள இன்னும் காத்து கீது" என்று சொல்லி உட்கார்ந்தே இருப்பார். வெளிநாட்டு ஆர்டருக்குக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். எங்கள் ஜோடியின் குழாய் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதே பட்டறையில் உள்ளூர் வேலையும் நடக்கும். ஓட்டல் சமையலறைக் குழாய், கல்யாண மண்டபத்துக் குடிநீர்க் குழாய். அவற்றுக்கு யாரும் பர்ஜிங் கேட்டதில்லை, யாரும் செய்ததும் இல்லை. அப்போது அது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டை, வூட்டுக்கு ஒரு சட்டை என்பது மாதிரி இருந்தது.

பிரான்சில் என்னை நம்பவைக்க நான் பட்ட பாடு வேறு கதை. சேர்ந்த முதல் வாரம் லோயிக் ஒரு குழாயை என் கையில் கொடுத்து "ஆன்வேர், ஆன்வேர்" என்றார். மொழி வகுப்பில் அப்போதுதான் நிறங்களைப் படித்திருந்தேன். வேர் என்றால் பச்சை. பட்டறை முழுக்கத் தேடிப் பச்சை டேப் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழாயை வாங்கி வைத்துவிட்டார். அவர் சொன்ன ஆன்வேர் உள்பக்கம், மறுபக்கம் என்று பொருள்படும் வேறு சொல். காதுக்கு இரண்டும் ஒன்றேதான். உள்பக்கத்துக்குக் காஸ் கட்டு என்று சொல்லியிருக்கிறார். இவளுக்குப் பர்ஜிங்கே தெரியாது என்று முடிவுகட்டிப் பல மாதம் என்னைக் கிரைண்டிங் மிஷினில் நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியாதது அந்த ஒரு சொல் மட்டும்தான் என்பதைச் சொல்ல எனக்கு இன்னும் நூறு சொல் தேவைப்பட்டது. அவை அப்போது என்னிடம் இல்லை, சேர்ந்த பிறகுதான் டார்ச் கைக்கு வந்தது. வாயில் தூசியோடு, காதில் இரைச்சலோடு, தெரிந்த வேலையைத் தெரியாதவளாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இது தெரியும். நாம் முட்டாளாவது விமானத்தில் ஏறும்போது இல்லை, இறங்கும்போது.

போன வருடம் ஆடி மாதம் ஊருக்குப் போனேன். என் தம்பி அந்தோணி பால் பதப்படுத்தும் சின்னக் கம்பெனி ஒன்று தொடங்கியிருந்தான். ஏம்பலத்திலிருந்து பாகூர் போகும் வழியில், கரும்புக்கொல்லையை ஒட்டி, நீலத் தகரம் போட்ட கொட்டகை. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து காலையும் மாலையும் பால் வரும். குளிரவைத்து, காய்ச்சி, பாக்கெட் போட்டுப் பாகூருக்கும் வில்லியனூருக்கும் டீக்கடைகளுக்கு அனுப்புவான். கூலிக்காரர் வூட்டுப் பிள்ளை சொந்தமாகக் கம்பெனி போட்டிருக்கிறான் என்பதில் எங்கள் தெருவுக்கே பெருமை. கொம்யூனில் லைசென்ஸ் வாங்க அலைந்ததை அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பஞ்சாயத்து ஆபீசை நாம் கொம்யூன் என்கிறோம், இங்கே நான் குடியிருக்கும் ஊரும் அரசாங்கக் கணக்கில் கொம்யூன்தான். பிரான்சில் நான் படிக்காமலே தெரிந்துவைத்திருந்த ஒரே அரசாங்கச் சொல் அது. அங்கும் அலையத்தான் விடுகிறார்கள் என்றேன். அந்தோணி நம்பவில்லை. நான் அங்கே சந்தோஷமாக இல்லாமலும் இருக்கலாம் என்பதை எப்படி யாரும் நம்புவதில்லையோ அப்படி.

இரண்டு நாள் கழித்துப் பண்டசோழநல்லூர் போகும் வழியில் தனம் என் வண்டியை நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் புருஷன் சென்னையில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார். பண்டசோழநல்லூரில் இரண்டு மாடு வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறாள். நலம் விசாரிப்பாள் என்று நினைத்து வண்டியை விட்டு இறங்கினேன். "உன் தம்பி என் கேன எல்லார் எதிர்லயும் தரையில ஊத்தினான்டி. என் மாடு இன்னா பண்ணிச்சு அவன?" என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். கம்பெனி தொடங்கிய சில வாரங்களிலேயே பாக்கெட் பால் காய்ச்சும்போது திரிய ஆரம்பித்திருக்கிறது. டீக்கடைகளிலிருந்து பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. யாரோ கெட்ட பாலைக் கலக்கிறார்கள் என்று அந்தோணி முடிவு செய்தான். பால் ஊற்றுபவர்களில் பலர் நிலம் வைத்திருப்பவர்கள். நாலைந்து மாடும், ஊரில் பேச்சும் உள்ளவர்கள். அவர்களைப் போய்க் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. தனம் தூரத்திலிருந்து மொபெட்டில் கடைசியாக வருவாள். அவளுக்காகப் பேச அங்கே ஆள் இல்லை. அதனால் கெட்ட பால் அவளுடையதாகிவிட்டது. அவள் பாலை நிறுத்தினான். அவன் ஊற்றியதைப் பார்த்தவர்கள் போய்ச் சொல்ல, பாகூர் டீக்கடைக்காரர்களும் அவளிடம் பால் வாங்க யோசித்தார்கள். அவள் வாழ்வது அந்தப் பாலில். வூட்டுக்குப் போய் அந்தோணியிடம் கேட்டேன். தனத்தை நிறுத்திய பிறகு பால் திரிவது நின்றுவிட்டதா என்று. அவன் வெயிலைச் சொன்னான், கரண்ட் போவதைச் சொன்னான், வேலையாட்களைச் சொன்னான். நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். குழாய்கள் சுவரோரமாக வரிசையாகப் போயிருந்தன. பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தன. வெல்டிங் தையல் ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி. பார்த்ததுமே அது யார் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்படி ஒரே சீராகத் தையல் போடுபவர் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான். சந்தோஷமாகக்கூட இருந்தது. கழுவுவதற்காகக் கழற்றும் இடத்தில் கிளாம்ப்பை எடுத்துவிட்டுக் குழாய்க்குள் விரலை விட்டேன். விரல் உப்புத்தாளில் உரசின மாதிரி நின்றது. வெளியே எடுத்து மோந்து பார்த்தேன். காலையில்தான் கழுவியிருந்தார்கள். ஆனாலும் பழைய தயிர்ப் பானையின் வாடை.

அந்தோணி என்னை நம்பவில்லை. "பைப்பு கண்ணாடி மாதிரி கீதுக்கா. மூஞ்சி பாத்துத் தல வாரலாம்" என்றான். வெளியே பார்த்துச் சொல்கிறான். உள்ளே பார் என்றால், உள்ளே எப்படிப் பார்ப்பது என்று கேட்டான். விரலை விடச் சொன்னேன். விட்டுப் பார்த்துவிட்டு, வெல்டிங் என்றால் அப்படித்தானே இருக்கும் என்றான். ஒரு மூலைத் துண்டை அறுத்துக் காட்டுகிறேன் என்றேன். புதுக் குழாயை அறுப்பதா என்று அவன் பதறிய பதற்றத்தில் நான் ஏதோ அவன் கையை அறுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. இரண்டு நாள் இப்படியே போனது. அங்கே இப்படி அப்படி என்று நான் பிரான்சைச் சொல்லத் தொடங்கினாலே அவன் முகம் மூடிக்கொள்ளும். கடைசியில் வெல்டிங் வைத்தவரையே கூப்பிட்டு விடலாம் என்றேன்.

ஏழுமலை இப்போது வில்லியனூரில் சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். கொட்டகைக்கு வந்து என்னைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் மலர்ந்தது. பிரான்சில் எந்த மிஷின், எத்தனை ஆம்பியர் என்றெல்லாம் கேட்டார். அறுக்க வேண்டும் என்றதும் அந்த மலர்ச்சி போய்விட்டது. அவருக்குத் தெரியும். கட்டிங் வீலை எடுத்து அந்த மூலைத் துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தரையில் வைத்தார். வெளியே வெள்ளியாக இருந்த தையலுக்கு நேர் உள்ளே கருப்பாகப் பொருக்கு. பொருக்கின் இடுக்குகளில் மஞ்சளாகக் காய்ந்தும், சில இடங்களில் ஈரமாகவும் பால். கொட்டகை முழுக்க நாற்றம் எழுந்தது. அந்தோணி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

"அண்ணா, நீங்களா இப்டி பண்ணது?" என்று கேட்டேன்.

"ஆர்டர் குடுத்தவன் கேமரா வெச்சிப் பாக்கறான், நம்ம பண்றோம். இங்க யாரும்மா உள்ள பாக்கறாங்க?" என்றார் ஏழுமலை. அந்தத் துண்டைப் புரட்டி வைத்துவிட்டு, "நான் கேக்காம இல்ல. பர்ஜிங்குக்குத் தனியா சிலிண்டர் வேணும்னு சொன்னேன். உன் தம்பியக் கேளு" என்றார்.

அந்தோணி தரையைப் பார்த்தபடி சொன்னான். "வெளிய தெரியாததுக்கு எதுக்குக் காஸ வீணாக்கணும்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. ஏழுமலை மேலா? கடல் கடந்து போகும் குழாய்க்குள் ஒரு துளி காற்று இருக்கக் கூடாது என்று காத்துக்கிடந்த அதே மனிதர், ஏம்பலத்துக் குழந்தைகள் குடிக்கும் பாலுக்கு வெறும் குழாயைத் தைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் கேட்டிருக்கிறார். கேட்டும் தரவில்லை என்றால், வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அந்தோணி மேலா? அவன் கம்பெனியில் நான் அனுப்பிய பணமும் சேர்ந்துதான் இருக்கிறது. தொடங்கும்போது போனில் கூரையின் நிறம் வரைக்கும் என்னிடம் கேட்டான். நான் பத்து வருடமாகத் தினம் செய்யும் வேலை இதுதான் என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அக்கா பிரான்சில் இருக்கிறாள், அவ்வளவுதான். அங்கே என்ன செய்கிறாள் என்பது குழாயின் உள்பக்கம் மாதிரி, யாரும் எட்டிப் பார்க்காத இடம்.

எல்லா இணைப்பையும் அறுத்து மறுபடி வைப்பது என்று முடிவானது. நானே வைக்கிறேன் என்றேன், ஏழுமலை காஸ் பார்க்கிறேன் என்றார். ஆனால் காஸ் வர வேண்டுமே. காலையில் வருகிறேன் என்ற சிலிண்டர் சாயங்காலம் வந்தது. மாட்டி, குழாயை அடைத்து, முதல் இணைப்பில் டார்ச்சைத் தட்டியதும் சத்தமே சரியில்லை. புகைந்து, பொரிந்து, டார்ச்சின் டங்ஸ்டன் முனை கருகிவிட்டது. ஏழுமலை சிலிண்டரின் மேல் பெயின்ட்டைச் சுரண்டி அடியில் இருந்த நிறத்தைப் பார்த்தார். அது சாதா இரும்புக்கு அடிக்கும் கலப்பு காஸ். திருப்பி அனுப்பினோம். மறுநாள் ஆடித் திருவிழா, காஸ் கடை திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் சரியான சிலிண்டர் வந்தபோது கரண்ட் இல்லை. நான் கொட்டகை வாசலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. போவோர் வருவோரெல்லாம் பிரான்சில் என்ன விலை, என்ன குளிர் என்று நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட நான் ஏன் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கவில்லை. பிரான்சில் எனக்குப் பேச வராததால் யாரும் கேட்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஊரில் அந்தச் சமாதானத்துக்கும் வழியில்லை.

கரண்ட் வந்தது. ஏழுமலை அட்டையை வெட்டி, ஸ்பாஞ்சு திணித்து, டேப் சுற்றினார். மேல்பக்கத்தில் காற்று வெளியேற ஊசித் துளை போல ஒன்று விட்டார். நான் அவசரப்பட்டேன். "கொஞ்சம் இரும்மா" என்றார். பிறகு லைட்டரைப் பற்றவைத்து அந்தத் துளைக்கு நேரே பிடித்தார். சுடர் அணைந்தது. உள்ளே இனிக் காற்று இல்லை. நான் டார்ச்சை இறக்கினேன். அவர் விரலால் மீட்டரைத் திருகிக் காஸைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருந்தார். வைத்து முடித்து, ஆறும் வரை காஸை நிறுத்தாமல் காத்திருந்து, அட்டையைப் பிரித்து செல்போன் விளக்கை உள்ளே அடித்தோம். புதுக் கொலுசு மாதிரி ஒரு வெள்ளை வளையம். ஏழுமலை சிரித்தார். அந்தோணியும் குனிந்து பார்த்தான். விரலை விட்டு வளையத்தைத் தடவினான். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தான். அந்த மாதம் முழுவதிலும் நான் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில நிமிடம்தான் என்று சொல்லலாம்.

முன்பக்கத்து இணைப்புகளையெல்லாம் முடித்தோம். காய்ச்சும் மிஷினிலிருந்து சுவருக்குள் புகுந்து பாக்கெட் போடும் மிஷினுக்குப் போகும் பகுதி மட்டும் மிச்சம். அதற்குச் சுவரை உடைக்க வேண்டும். அந்தோணி போதும் என்றான். ஆவணி முகூர்த்த ஆர்டர் வந்துவிட்டது, காலையில் பால் ஏற்ற வேண்டும் என்றான். மிச்சம் இருப்பதில் ஒன்று நாறினாலும் எல்லாம் நாறும் என்றேன். நாறினால் பார்த்துக்கொள்ளலாம் என்றான். பேச்சு வளர்ந்தது. நான் குரலை உயர்த்தினேன், அவன் உயர்த்தவில்லை.

"நீ பிளைட் ஏறிப் போயிடுவக்கா. இந்தக் கடைக்காரங்க மூஞ்சில நாந்தான் தெனம் முழிக்கணும்" என்றான்.

என்னிடம் பதில் இருந்தது, அதைச் சொல்லும் உரிமை இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. ஊரில் நிற்பவர்களுக்கு முன்னால் நம்முடைய நியாயம் எல்லாம் திரும்பும் டிக்கெட்டோடு வந்த நியாயமாகிவிடுகிறது.

புறப்படுவதற்கு முன்பு தனத்தின் வூட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். குழாயை அறுத்துப் பார்த்ததை, உள்ளே இருந்ததை, தப்பு அவள் பாலில் இல்லை என்பதை முழுக்கச் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எனக்குத் தெரியாததயா சொல்ற? என் பாலு நல்ல பாலுன்னு எனக்கு மொதல்லயே தெரியும்" என்றாள். "கேன ஊத்தினது அவன். ஊத்தறப்போ பத்து பேரு நின்னாங்க. அவன் வந்து சொல்லட்டும். நீ சொல்றது செல்லாதுடி. நீ போறவ."

அந்தோணியிடம் அதைச் சொன்னேன். போகிறேன் என்றான். எப்போது என்று கேட்டேன். போகிறேன்க்கா என்றான். விமான நிலையத்துக்கு என்னை ஏற்றிவிட வந்தவன் வழி முழுக்க பாக்கெட்டுக்குப் புது டிசைன் போடுவதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். பண்டசோழநல்லூருக்குத் திரும்பும் சாலையைத் தாண்டும்போது மட்டும் பேச்சை நிறுத்தினான்.

திரும்பி வந்து மழைக்குள் விழுந்தேன். அந்த வாரமே பாலாடைக்கட்டி ஆலை ஒன்றுக்கான குழாய்களைப் பரிசோதிக்க ஆள் வந்தார். மெல்லிய கம்பியின் நுனியில் கேமரா. நான் வைத்த இணைப்பு ஒவ்வொன்றையும் உள்ளே புகுந்து பார்த்தார். திரையில் வெள்ளை வளையம், அடுத்த வளையம், அதற்கடுத்தது. லோயிக் என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இல்லை, எரிச்சலாக இருந்தது. மாட்டையே பார்க்காத ஏதோ நகரத்துப் பிள்ளைகள் சாப்பிடப்போகும் பாலாடைக்கட்டிக்கு இத்தனை கண். என் தெருப் பிள்ளைகள் குடிக்கும் பாலுக்கு என் விரல் ஒன்றுதான் கேமரா, அதையும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தோணிக்குப் போன் செய்தால் பால் இப்போது திரிவதே இல்லை என்கிறான். சுவருக்குள் இருப்பதை மாற்றிவிட்டாயா என்றால் மாற்றியாச்சு என்கிறான். ஏழுமலைக்குப் போன் செய்தால், "இன்னும் கூப்பிடலம்மா" என்கிறார். அந்தோணியை வீடியோவில் குழாயைக் காட்டச் சொன்னேன். காட்டினான். பளபளவென்று இருந்தது. மோந்து பார் என்றேன். மோந்துவிட்டு நல்லாத்தான் இருக்கிறது என்றான். நாற்றத்தைப் போனில் அனுப்ப இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

போன வாரம், மதிய இடைவேளை முடியும் நேரம், தனம் கூப்பிட்டாள். அவள் என்னைத் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பட்டறை முற்றத்துக்கு வந்து பேசினேன். அந்தோணி அவள் வூட்டுக்கு வந்தானாம். வாசலிலேயே நின்றானாம். தண்ணீர் கொடுத்திருக்கிறாள், குடித்திருக்கிறான். பால் பற்றவில்லை, நாளையிலிருந்து ஊற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறான். வேறு ஏதாவது சொல்ல வந்தாயா என்று இவள் கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

"வாய் வரைக்கும் வந்துச்சுடி. எனக்குத் தெரிஞ்சிது. வெளிய வரல" என்றாள். "இன்னொரு தபா வருவான்னு நெனைக்கிறேன். நீ இருந்தா நல்லா இருக்கும்."

பட்டறைக் கதவைத் திறந்துகொண்டு லோயிக் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குழாயில் காஸ் நிரம்பிவிட்டது, எனக்காகக் காத்திருக்கிறார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே "ஜாரீவ்" என்று கத்தினேன்.

"இன்னாடி சொன்ன?" என்று கேட்டாள் தனம்.

"வரேன்னு சொன்னேன்."

"எங்க, இங்கியா?"

ஒரு கையில் வெல்டிங் உறை மாட்டியிருந்தது. மற்ற கையில் போன். கதவைப் பிடித்தபடி லோயிக் காத்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் தனத்தின் மாடு கத்துவது கேட்டது.